கேப்டன் முதலில் கூப்பிடும் ஆள்

இன்று வடக்குப்பட்டு மைதானத்தில் செல்வத்தைப் பார்த்தேன். 1991இல் எங்கள் கல்லூரி மாணவர் தலைவன், ஃபுட்பால் கேப்டன். இப்போது ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரி மேனேஜர். ஞாயிறுதோறும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களைச் சேர்த்து மேட்ச் நடத்துகிறான்.

டீம் பிரிக்கும்போது, பந்தை நிறுத்தக்கூடத் தெரியாத ஒருவரை முதலில் கூப்பிட்டான்.

“இன்னாடா, நல்லா ஆடறவன வுட்டுட்டு இவர எடுக்கிற?” என்றேன்.

“கடைசி வரைக்கும் யாரும் கூப்பிடலன்னா மனசு ஒடைஞ்சிடும்டா. அதான் ஆடத் தெரியாதவன மொதல்ல எடுத்துக்குவேன். காலேஜ்லேந்தே அப்பிடித்தான்.”

தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் குன்றத்தூர் தாண்டும்போதுதான் உறைத்தது.

காலேஜில் அவன் முதலில் கூப்பிட்டது எப்போதும் என்னைத்தான்.

அதனால் வந்த தெம்பு பொய்யில்லை. ஆனால் இத்தனை வருஷமாக அதை மனைவியிடம் பெருமையாகச் சொல்லிவந்திருக்கிறேன். அவளும் இந்தப் பதிவைப் படிப்பாள்.

அன்று காலேஜில் என்னோடு ஆடியவர்கள் யாராவது கமெண்டில் வந்து, நான் நன்றாகத்தான் ஆடினேன் என்று எழுதிவிடுங்கள்.