ஜீப்புக்குள் ஒரு ரேடியோவும் ஒரு கல்லும்

ரேடியோவைக் கொண்டுபோய் ஜீப்பில் ஏன் வைத்தாய் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. வீட்டில் கரண்ட் கிடையாது, ஜீப்பில் பேட்டரி இருந்தது. இவ்வளவுதான் ரகசியம். ரேடியோவே எதற்கு என்று கேட்டால்தான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரிலிருந்து இருபது மைல் தள்ளி, வண்டூர் பக்கம் ஒரு குடியேற்றக் கிராமத்தில் அரசாங்கத் தண்ணீர் பம்புகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்காக இருந்தேன். ஜீப் என் சொந்த வண்டி. பட்டாளம் வேண்டாமென்று கழித்ததை ஒருவர் ஏலத்தில் எடுத்தார். அவரும் வேண்டாமென்று கழித்ததை நான் வாங்கினேன். கூரைக்குத் தார்ப்பாய், ஹாரனுக்கு என் வாய். மற்றபடி நல்ல வண்டி.

மனைவி தலைப்பிரசவத்துக்கு மதுரை போயிருந்தாள். பெண் குழந்தை என்று தந்தி வந்தது. ஐந்து மாதமாகியும் மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் மாமனாருக்கு அந்தமான் என்றால் இன்னும் கைதிகளை அனுப்புகிற இடம்தான். மனைவிக்கும் முதல் வருஷம் இந்த ஊர் பிடிக்கவில்லை. எட்டு மாதம் மழை, காலில் அட்டை, பேச்சுத் துணைக்கு ஒரு தமிழ்ச் சத்தம் இல்லை. ஹிந்தியில் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ள மாட்டேன் என்று வீம்பாகவே இருந்தாள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு கடிதம் போட்டாள்.

"நான் கப்பலை விட்டு இறங்கறப்ப நீங்க ஜெட்டிப் பாலத்துல நிக்கணும். நிக்கலைன்னா அதே கப்பல்ல திரும்பி வந்துடுன்னு சொல்லி அப்பா ரிட்டர்ன் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருக்கார். எனக்கும் அது சரின்னுதான் படுது."

அந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நிற்க மாட்டேன் என்றா சொன்னேன்? என்றைக்குப் போய் நிற்பது என்பதுதான் கேள்வி. மெயின்லேண்ட் கப்பல் குறித்த நாளில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. கிராமத்தில் டெலிபோன் இல்லை. சாயங்காலம் போர்ட் பிளேர் வானொலியில் ஹிந்தியில் படிக்கும் கப்பல் செய்தி ஒன்றுதான் கதி. அதனால் ரேடியோ.

கடையில் ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே படகுப் பட்டறையில் மூன்று வருஷம் படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டிச் சால்டரிங் கற்றவன், காசு கொடுத்து ரேடியோ வாங்கினால் கைக்கு என்ன மரியாதை? மதராஸிலிருந்து டிரான்சிஸ்டர்களைப் பார்சலில் வரவழைத்தேன். பெட்டியைப் படாக் மரத்தில் இழைத்தேன். அந்தமானில் படாக் மரத்துக்குப் பஞ்சமில்லை. எங்கள் கிராமத்தில் கோழிக்கூண்டுகூட அதில்தான். உள்ளே இருந்த சமாச்சாரங்களை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தேன். ரேடியோவின் பிளஸ் டின்னில், ஜீப்பின் மைனஸ் அதன் உடம்பில். இரண்டும் தொட்டால் புகை. முதல் நாளே தொட்டன, புகையும் வந்தது. என் ஹவாய்ச் செருப்பை அறுத்து நடுவில் ரப்பர் கட்டைகள் வைத்த பிறகு இரண்டும் சமாதானமாயின. வெறுங்காலோடு ஒரு வாரம் வேலைக்குப் போனேன்.

ஆனால் பெருமை முழுவதும் டயல் கண்ணாடியில்தான் இருந்தது. உடைந்த போட்டோ சட்டத்துக் கண்ணாடியை வெட்டி, பின்பக்கம் கறுப்பு பெயின்ட் அடித்து, ஊசியால் சுரண்டி எழுத்துகள் எழுதினேன். போர்ட் பிளேர், மதராஸ், திருச்சி, சிலோன். பின்னால் ஸ்பீடோமீட்டர் பல்பு. சுவிட்சைப் போட்டால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்துகள் மஞ்சளாக ஒளிரும். ஸ்பீடோமீட்டர் இருந்த இடத்தில் இருட்டு. வேகம் தெரிந்து என்ன செய்யப் போகிறோம்?

வீட்டிலிருந்து தென்னை மரம் வரைக்கும் செம்புக் கம்பி ஒன்றை ஏரியலாகக் கட்டினேன். ஜீப்பை அதன் கீழே நிறுத்திக் கம்பியின் வாலைச் சொருகினால் சிலோன் வரைக்கும் கேட்கும். ஓடும்போது பக்கத்து ஊர்தான் கேட்கும். சாயங்காலமானால் அடுத்த வீட்டு வங்காளி தாதா வேட்டியை மடித்துக்கொண்டு முன் சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். அவர் நெல் விதைக்கிறவர். தமிழ்ப் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் தாளம் தப்பாமல் என் டாஷ்போர்டைத் தட்டுவார்.

ஒரே ஒரு குறை. பேட்டரி கிழடு. கால் மணியில் டயல் மங்கத் தொடங்கும். எஞ்சினை ஓட விட்டால் வெளிச்சம் திரும்பும், கூடவே பிளக்கின் பொறி அத்தனையும் 'கொர்ர்' என்று ஸ்பீக்கரில் பாடும். அதைச் சரிசெய்ய வேண்டிய நேரத்தில் நான் வேறொரு காரியம் பார்த்துக்கொண்டிருந்தேன். டயலில் 'மதுரை' என்று எழுத ஆசை வந்துவிட்டது. மதுரைக்கு அப்போது வானொலி நிலையமே கிடையாது. இருக்கட்டும், அவள் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று திருச்சிக்குக் கீழே ஓர் இடம் பார்த்து எழுதினேன். அதற்காக டயலைக் கழற்றிப் போட்டதில் இரண்டு சாயங்காலம் செய்தி கேட்கவில்லை. கப்பல் இன்னும் நடுக்கடலில்தான் இருக்கும் என்று நானே அதற்கு ஒரு கணக்கும் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் டயலை மாட்டினேன். தாதாவும் வந்தார். செய்தி தொடங்கும்போது வெளிச்சம் மங்கியது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன்.

"மதராஸ் ஸே ஆனேவாலா ஜஹாஸ் கல் ஷாம் பாஞ்ச் பஜே போர்ட் பிளேர்..." என்றது ரேடியோ. பிறகு கொர்ர். பாய்ந்து எஞ்சினை நிறுத்துவதற்குள் செய்தி வாசித்தவர் தேங்காய் விலைக்குப் போய்விட்டார்.

மதராஸ் கப்பல், சாயங்காலம் ஐந்து மணி, 'கல்'. எனக்கு அது போதும். தாதா மட்டும் மோவாயைச் சொறிந்தார்.

"கௌன்ஸா கல், பாயி? ஜோ கயா, யா ஜோ ஆயேகா?"

எந்தக் கல், போனதா, வரப்போவதா என்று கேட்கிறார். ஹிந்தியில் நாளை என்றாலும் கல், நேற்று என்றாலும் கல். ஒரு நாள் தள்ளி, அவ்வளவுதான். முன்னாலா பின்னாலா என்று அந்த வார்த்தைக்குக் கவலையில்லை. வாக்கியத்தின் கடைசியில் வருகிற வினைச்சொல்தான் அதைச் சொல்ல வேண்டும். அந்த வினைச்சொல்லைத்தான் என் பிளக் தின்றுவிட்டது.

"ஆனேவாலா கல், தாதா. ஔர் கௌன்ஸா?" வரப்போகிற கல்தான், வேறெது என்றேன். வழி பார்த்திருப்பவன் காதில் நாளை மட்டும்தான் விழும். நேற்று எதற்கு விழப்போகிறது?

மறுநாள் காலையில் ஜீப்பைக் குளிப்பாட்டினேன். குழந்தைக்குப் பின் சீட்டில் மெத்தை போட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பகல் ஒரு மணிக்கே கிளம்பினேன். வழியில் எதிரே கிராமத்து பஸ் வந்தது. ஜன்னல்களில் கைகள் ஆடின. என் ரேடியோ ஜீப்புக்கு அந்தச் சாலையில் கொஞ்சம் புகழ் உண்டு. நானும் ராஜா மாதிரி தலையசைத்துவிட்டு, கொர்ருக்கு நடுவே வந்த பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஜெட்டியில் கப்பல் இல்லை. ஐந்து மணி ஆகவில்லையே என்று நினைத்தேன். மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு தெலுங்குக்காரரிடம் மதராஸ் கப்பல் எப்போது வரும் என்று ஹிந்தியில் கேட்டேன். அவர் என் சட்டையையும் எண்ணெய்த் தலையையும் பார்த்தார். அது முந்தா நாள் சாயங்காலமே வந்துவிட்டது, காற்று பலக்கிறது என்று இன்று காலை பத்து மணிக்கு அவசரமாகத் திரும்பிவிட்டது என்றார்.

ரேடியோ சொன்ன கல், போன கல்.

கப்பல் கட்டியிருந்த இடத்தில் தண்ணீரும் இரண்டு தென்னை மட்டையும்தான் இருந்தன. அவள் டிக்கெட் கையில் வைத்திருந்தாள். நான் நிற்கவில்லை. பயணிகள் கொட்டகையில் பார்த்தேன், அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. கைக்குழந்தையோடு ஒரு தமிழ்ப் பெண் நின்றாளா என்று எதிர்ப்பட்ட எல்லாரையும் கேட்டேன். காலையில் கப்பல் ஏணியருகே பெட்டியோடு நின்றாள் என்று ஒருவர் சொன்னார். ஏறினாளா என்று அவர் பார்க்கவில்லை. ஏணியருகே நின்றவள் வேறெங்கே போவாள்?

திரும்பி வரும்போது ரேடியோவைப் போடவில்லை. என் கையால் செய்த முதல் ரேடியோ அது. கழற்றிக் கடலில் எறிந்துவிடலாம் போல வெறுப்பாக இருந்தது. 'மதுரை' என்று சுரண்டி எழுதிய முட்டாளை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த இருபது மைலும் நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டு வளைவில் திரும்பினேன். தென்னைக்கும் கூரைக்கும் நடுவே என் ஏரியல் கம்பி வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதில் வரிசையாக ஏழெட்டு வெள்ளைத் துணிகள் காய்ந்தன. யார் இதில் துணி போட்டது, சிலோன் எப்படிக் கேட்கும் என்றுதான் முதலில் கோபம் வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் அவை குழந்தைத் துணி என்று புரிந்தது. ஜீப்பை நியூட்ரலில் போடக்கூட மறந்து குதித்தேன். அது இரண்டு துள்ளு துள்ளித் தானே அணைந்தது.

வாசலில் நின்றாள். இடுப்பில் குழந்தை.

"பஸ்ஸிலேர்ந்து எவ்வளவு கை காட்டினேன். நீங்க பாட்டைச் சத்தமா வச்சுக்கிட்டுப் போறீங்க" என்றாள்.

நடந்ததை அவளே சொன்னாள். கப்பலில் கூட வந்த தூத்துக்குடிப் பக்கத்து மீன்காரர் வீட்டு அக்கா ஒருத்தி, ஜெட்டியில் தனியாக நின்றவளை விடாமல் தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். இரண்டு ராத்திரி அங்கே. இன்று காலை பெட்டியோடு மறுபடியும் ஜெட்டி.

"நேத்தும் ஜெட்டிக்கு வந்து, என் வீட்டுக்காரர் வந்தாரா, வருவாரான்னு தமிழ்லயே ஒவ்வொருத்தரா கேட்டேன். கப்பல் வந்தது என்னிக்குன்னு நான் கேக்கறேன்னு நினைச்சாங்களோ என்னவோ, எல்லாரும் கல், கல்னு சொல்றாங்க. கல்லுன்னா நமக்குக் கல்லுதானே. சரிதான், நான் கட்டிக்கிட்டது கல்லுன்னு இந்தத் தீவுக்கே தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் ஏறலை?"

"கல்லானாலும் கணவன்னு சொல்லி வச்சிருக்காங்களே" என்றாள் எரிச்சலோடு. பிறகு குரல் தணிந்தது. "ஏணியை எடுக்கற வரைக்கும் நின்னேன். ஏறினா, அங்க யாரைத் திட்டறது?"

குழந்தையை என் கையில் கொடுத்தாள். ஐந்து மாதக் கனம் எனக்குத் தெரியாது. மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள், அழவில்லை. அவள் வாயில் ஏதோ ஈரமான காகிதம் கசங்கிக் கிடந்தது. விரலை விட்டு மெல்ல எடுத்துப் பிரித்தேன். 'மதராஸ்' என்ற பாதி எழுத்துதான் மிச்சம் இருந்தது.

"டிக்கெட்தான்" என்றாள் மனைவி. "பஸ் ஏறினதும் நான்தான் அவ கையில கொடுத்தேன்."