ரொட்டிக்கடைக் குடும்பமும் பக்கத்து வீட்டு நர்ஸும்

மெல்போர்னில் மகன் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டுத் திண்டுக்கல் திரும்பியிருந்தேன். நான் தனியாக இருப்பதால் எதிர்வீட்டு அக்கா அவ்வப்போது வந்து பார்ப்பார். அன்றும் வந்தார்.

"வேற வேற நாட்டுலருந்து அங்கன போய்ப் பொழைக்கிறவுகல்லாம் வசதியா இருக்காகளா?" என்று கேட்டார்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நான் பேசிய ஆட்களைப் பற்றிச் சொன்னேன். தெருமுனையில் ஒரு வியட்நாம் குடும்பம் ரொட்டிக்கடை வைத்திருந்தது. அகதிகளாக, வெறுங்கையோடு வந்தவர்கள். அப்பா மாவு பிசைவார், அம்மா கல்லாவில் இருப்பார், கல்லூரி விட்டு வரும் மகள் பாத்திரம் கழுவுவாள். சில வருடங்களில் கடையைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டில் இருந்தவள் ஜிம்பாப்வே நர்ஸ். படித்து, வேலை உத்தரவோடு வந்தவள். நல்ல சம்பளம்தான். அதில் பெரும்பகுதி ஊரிலிருக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அம்மாவின் மருந்துக்கும் போய்விடும். விடுமுறையிலும் வேலைக்குப் போவாள்.

"ரொட்டிக்கடைக்காரங்க சம்பாதிக்கிறது அவங்க வீட்டுலயே சேருது. என்னோடது கடல் தாண்டிப் போயிடுது" என்று ஒருநாள் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னாள்.

"ஒம் மகன் எப்டி?" என்றார் அக்கா.

"அந்த நர்ஸ் மாதிரிதான்க்கா. மாசம் தவறாம அனுப்பிருறான்."

"பெறகென்ன, ஒனக்கு என்ன கொறை?" என்று சொல்லிவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று எழுந்து போனார்.

கதவைச் சாத்தினேன். அந்த நர்ஸின் அம்மாவிடமும் அவர்கள் ஊரில் யாராவது இதையேதான் சொல்லியிருப்பார்கள்.