சம்பந்திச் சண்டை தீர்த்த வைத்தியம்

பேருந்து நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு அம்மா வழி மலைச்சனம், அப்பா வழி கப்பலேறி வந்த சனம். இரண்டு பக்கமும் முன்னோரைக் கூப்பிட்டு வலி ஓட்டுகிறவர்கள். அம்மா பக்கம் இலைக்கொத்தால் உச்சியிலிருந்து பாதத்துக்குத் தடவி இறக்குவார்கள். அப்பா பக்கம் ஈரக்கையால் பாதத்திலிருந்து உச்சிக்கு ஏற்றி வெளியேற்றுவார்கள். அக்காவுக்கு இரண்டும் கைவந்த வைத்தியம்.

ஒருநாள் டிரைவர் ஒருவர் தலைவலியோடு வந்து தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தை மட்டும் கூப்பிட்டால் மறுபக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுமே என்று அக்கா இரண்டு வைத்தியத்தையும் பார்த்துவிட்டாள்.

"தலைவலி விட்டுருச்சுக்கா. இப்ப வயிறு பிசையுது," என்றார் டிரைவர்.

அம்மா பக்கத்து முன்னோர் கீழே தள்ள, அப்பா பக்கத்து முன்னோர் மேலே தள்ள, வலி நடுவில் மாட்டிக்கொண்டது அக்காவுக்குப் புரிந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள்.

"நான் பொறந்து, எனக்கே பேத்தி பொறந்தாச்சு. இன்னும் சம்பந்திச் சண்டை விடலையா உங்களுக்கு? ஆளுக்கொரு பக்கம் தள்ளினா இந்த மனுஷன் எப்படி பஸ் ஓட்டுவாரு? ஒத்துமையாத் தூக்கி வெளிய போடுங்க."

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது வலியைக் காணோம்.

மறுவாரம் கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "யாருக்கு என்ன வலி?" என்றாள் அக்கா.

"வலியெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அவங்களைக் கொஞ்சம் திட்டுங்க, கேட்டுட்டுப் போறோம்."