திரும்பி நின்ற ரப்பர் மரம்

இது நடந்து நான்கு வருடம் இருக்கும். ஒரு கார்த்திகை மாதம், வெள்ளறடைக்குப் போகிற வழியில், ரப்பர் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, கற்றுக்கொடுக்கும் ஒரு சின்னப் பயிற்சி நிலையத்தின் தகரக் கொட்டகையில் நடந்தது.

நான் பாறசாலைப் பக்கத்துக்காரன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டூடியோவில், கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தாஜ்மகாலை வைக்கும் வேலையில் தொடங்கினேன். பிறகு சென்னையில் சினிமாவுக்குக் கிராபிக்ஸ். நடிகரைத் தூக்கும் கம்பிக் கயிற்றைப் படத்திலிருந்து அழிப்பதிலேயே ஒன்றரை வருடம் போனது. அப்புறம் ஹைதராபாத்தில் வீடியோ கேம், பெங்களூரில் புரோகிராம் எழுதுவது. எங்கேயும் மூன்று வருடத்தைத் தாண்டவில்லை. சில கம்பெனிகள் மூடிவிட்டன, சில இடங்களில் எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. கடைசிக் கம்பெனியும் மூடியபோது ஒரு லேப்டாப்போடும் ஒரு வி.ஆர். ஹெட்செட்டோடும் ஊருக்கு வந்து சேர்ந்தேன். கண்ணை மறைத்து மாட்டுகிற கருவி அது. மாட்டினால் கொட்டகைக்குள் நின்றபடியே தோப்புக்குள் நிற்கலாம்.

புதிதாகப் பழகுகிறவர்கள் கத்தியை ஆழமாக இறக்கி மரத்தைக் காயப்படுத்திவிடுகிறார்கள் என்பதால், முதலில் இதில் பழகட்டும் என்று அந்த நிலையத்தார் நினைத்தார்கள். என்னிடம் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றேன். ஒரு பாடம் செய்து காட்டு, எங்கள் அதிகாரிக்குப் பிடித்தால் மீதிப் பாடங்களும் உனக்கு, இல்லாவிட்டால் ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். எனக்கு அதை விட்டால் வேறு வேலை இல்லை. மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறத் தெம்பும் இல்லை.

இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தேன். அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்த நாளில், ஒத்திகை பார்க்க ஒரு வெட்டுக்காரியைக் காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள். தினமும் முந்நூறு மரம் வெட்டுகிறவள். அன்றும் வெட்டி முடித்து, பாலை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அர மணிக்கூறு நேரமாக்கும், கேட்டியா? பாலு வாளியில இருக்கு" என்றாள்.

ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். கையை நீட்டித் துழாவிவிட்டுச் சிரித்தாள். "எலே, எல்லாம் உண்டு. கொசு மட்டுந்தான் இல்ல." பிறகு மரத்தில் வெட்டு இருக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"மக்கா, இந்த மரம் ஏன் திரும்பி நிக்கு?"

"மரம் எங்கயாவது திரும்பி நிக்குமா? நீ நேரா நில்லு."

"நான் நேராத்தான் நிக்கேன். உனக்க மரந்தான் கோணல்."

எனக்குக் கோபம் வந்தது. "எட்டீ, ரப்பருக்குள்ள பொறந்து வளந்தவனாக்கும் நான். எனக்குத் தெரியாதா?"

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். "பொறந்தது செரி. ஒரு நாளாவது வெட்டினியா?"

கொட்டகைக்குப் பின்னால் பழகுவதற்கென்று விட்டிருந்த ஒரு மரத்துக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் சரிந்து இறங்கியது. தோப்பில் இருந்த எல்லா மரங்களிலும் அப்படித்தான். என் மரத்தில் மட்டும் வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்கியது. அப்படி வெட்டினால் பால் குறையும் என்றாள்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு இடது கைப் பழக்கம். கத்தி பிடிக்கிற அசைவை என் கையாலேயே பதிவு செய்திருந்தேன். பழகுகிறவர்களுக்கு வலது கைதானே வேண்டும் என்று, கண்ணாடியில் தெரிவதுபோல அதைத் திருப்பிப் போட்டேன். கையை மட்டும் திருப்பினால் கத்தி மரத்தில் பொருந்தாது என்பதால் மரத்தையும் சேர்த்துத் திருப்பினேன். இரண்டு மாதம் தினமும் பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. மரத்தை நிமிடத்தில் சரியாக்கலாம். ஆனால் அதை வெட்டுகிற வலது கை என்னிடம் இல்லை. அவளிடம் அதைச் சொன்னேன்.

"உனக்க கை வேண்டாம். எனக்க கைய எடுத்துக்கோ" என்றாள்.

அசைவைப் பதியும் கருவியை அவளுடைய கத்திப் பிடியில் டேப்பால் சுற்றிக் கட்டினோம். ஹெட்செட்டில் இருக்கும் கேமரா அதைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அவள் வெட்டினாள். டேப் நழுவியது. மறுபடி. இலைகளுக்கு இடையில் விழுந்த வெயில் கருவியைக் குழப்பியது. மறுபடி. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தியால் பட்டையில் இரண்டு தட்டுத் தட்டினாள். எதற்கு என்று கேட்டேன். "அதா? சும்மா. பழகிப்போச்சு."

பதினொன்று தாண்டியது. "உனக்கு நேரமாகல்லியா?"

"ஆகட்டு. நீ உனக்க வேலையப் பாரு."

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கியபோது நான் மரத்தைச் சரியாக்கி, அவள் கையைப் பொருத்திச் சேமித்துக்கொண்டிருந்தேன். வயதில் பாதியை ரப்பர் தோப்புகளில் கழித்த மனிதர் அவர். ஹெட்செட்டுக்குள் வெட்டுகிற கையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அதன் கூடவே ஒரு வெட்டு வெட்டினார். கழற்றிவிட்டு, இது யாருடைய கை என்று மலையாளத்தில் கேட்டார். நான் வாசலைக் காட்டினேன். அவள் எப்போதோ போயிருந்தாள்.

வேலை எனக்குக் கிடைத்தது. அதைச் சொல்ல ஒரு ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வாளியைக் கவிழ்த்து அடியில் தட்டிக்கொண்டிருந்தாள். வாளி வடிவத்திலேயே ஒரு வெள்ளைக் கட்டி வந்து விழுந்தது. நேரத்துக்கு வடிகட்டி, ஆசிட் சேர்த்து, தட்டில் ஊற்றியிருந்தால் ரப்பர் ஷீட் ஆகியிருக்க வேண்டிய அன்றைய பால் அது.

"என்னா, கெடச்சுதா?" என்றாள்.

"கெடச்சுது. இது..."

"ஒட்டுப்பாலோட சேத்துப் போட்டா போச்சு. ஒரு நாளு பாலுதானே? உள்ள வா, சாயா குடி."

சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த மிச்சப்பால்தான் ஒட்டுப்பால்; ஷீட்டுக்குக் கிடைக்கிற விலை அதற்குக் கிடைக்காது. சாயாவைக் குடித்தேன்.

போன மாதம் அந்த நிலையத்துக்குப் போயிருந்தேன். புதிதாகப் பழகிய ஒரு பெண் நிஜ மரத்தில் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதற்கு முன் பட்டையில் இரண்டு தட்டுத் தட்டினாள். எதற்கு என்றேன். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டிச்சு, அண்ணா" என்றாள்.

தேவையில்லாத அசைவுதான். நினைத்தால் நொடியில் எடுத்துவிடலாம். படத்தில் இருக்கக் கூடாததை அழித்தே ஒன்றரை வருடம் சோறு தின்றவன் நான். அந்த இரண்டு தட்டை மட்டும் இன்றுவரை என்னால் அழிக்க முடியவில்லை.