கரி இல்லாத கார்

அக்கா வீட்டுக்காரருடைய காரை நான் முதன்முதலில் திட்டியது கோவிலுக்குப் போகிற ஒரு வெள்ளிக்கிழமை. பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, தேங்காய்ப் பையை டிக்கியில் வைக்கப் போனேன். முந்தானை பம்பரில் உரசியது. உரசிய இடமெல்லாம் கரி. தண்ணீரைத் தொட்டுத் துடைத்தேன், அது இன்னும் பரவிச் சேலையே நாசமாகிப் போனது.

"மச்சான், இது காரா, வெறகடுப்புல வச்ச சோத்துச் சட்டியா?"

"ஓடுற காருன்னா கரி இருக்கத்தான் செய்யும். சும்மா நிக்கிற காருதான் பளபளன்னு இருக்கும்" என்று சிரித்தார் மச்சான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்குக் கோவில் போய்த் திரும்பும் வரைக்கும் அந்தச் சேலைக்காக மச்சானைக் கரித்துக் கொட்டினேன். அவரும் பாவம், சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

அக்காவும் மச்சானும் பசறையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய கார் அது. வெள்ளைக் கார், பெட்ரோலில் ஓடுவது, என்னையும் அக்காவையும் விட வயதானதாக இருந்தாலும் இருக்கும். அதில் கரி படிந்ததற்குக் காரணமே நான் இருக்கிற இடம்தான். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லயத்து வீடுகளுக்கு ஏறுகிற பாதை ரோடு என்ற பெயரில் கிடக்கிற கல் குவியல். ஒவ்வொரு தரம் என்னைப் பார்க்க வரும்போதும் சைலன்சர் பைப்பின் வால் கல்லில் இடித்து ஒடியும். மச்சான் கம்பி வைத்துக் கட்டுவார். அடுத்த தரம் கம்பியோடு விழும். கடைசியில் கராஜ் பாஸ் அந்த வாலையே வெட்டி எடுத்துவிட்டார். பம்பருக்குக் கீழே, வண்டியின் வயிற்றுக்குள்ளேயே பைப் முடிந்து போனது.

"இனி ஒங்க ரோட்டுக் கல்லு எங்க வண்டிய ஒண்ணும் பண்ணாது" என்று மச்சான் பெருமையாகச் சொன்னார். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் யாரும் தப்புப் பார்ப்பதில்லை.

வெட்டிய பிறகு பின்பக்கம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. நம்பர் பிளேட்டில் இருப்பது எட்டா மூன்றா என்று பொலீஸ்காரர் இறங்கி வந்து விரலால் துடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா சுத்தக்காரி. வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறிக் கிடந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமையானால் கடையைச் சாத்திவிட்டு, பழைய துணியில் மண்ணெண்ணெயை நனைத்துக்கொண்டு காரின் பின்னால் குந்திவிடுவாள். மண்ணெண்ணெயால் ஒரு தரம் தேய்ப்பாள், சவுக்காரத் தூளால் ஒரு தரம் தேய்ப்பாள். பின் கண்ணாடியின் உள்பக்கத்திலும் சாம்பல் மாதிரி ஒன்று படிந்திருக்கும். அதையும் துடைப்பாள். ரோட்டுத் தூசி என்பாள். திங்கட்கிழமை பசறையிலிருந்து பதுளைக்கு ஒரு நடை போய் வந்தால் போதும், எல்லாம் பழையபடி கறுப்பு.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு உண்டானது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஊர் வாயெல்லாம் ஓய்ந்த பிறகு. என் வீட்டுக்காரர் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. வீட்டில் நானும் மாமியாரும்தான். எனக்குப் பிரஷர் கூடுகிறது என்று சொல்லி, கிளினிக்குக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் அந்த வளைவெல்லாம் குலுங்கக் கூடாது என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். "எங்க காரு எதுக்கு இருக்கு?" என்றாள்.

அவள் என்னைத் தாங்கின மாதிரி யாரும் தாங்கியிருக்க மாட்டார்கள். பின் சீட்டில் மெத்தை விரித்து என்னைப் படுக்க வைப்பாள். தலைக்குத் தலையணை, காதைச் சுற்றித் துண்டு. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பனிக்காற்று ஆகாது என்று என் பக்கத்துக் கண்ணாடிகளை இறுக மூடி, இடுக்கில் துணியும் செருகிவிடுவாள். மச்சான் பக்கத்துக் கண்ணாடி மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும், முன் கண்ணாடியில் நீர் படியாமல் இருக்க.

போகும்போதெல்லாம் எனக்குத் தலை வெடிக்கும். குமட்டும். பசறை தாண்டுவதற்குள் இரண்டு தரம் வாந்தி எடுப்பேன். மசக்கை என்றாள் அக்கா. வளைவு என்றார் மச்சான். இந்த ரோட்டில் வாந்தி எடுக்காதவர் யார்? தேசிக்காய் முகரத் தருவார்கள், முகர்ந்துகொண்டு கிடப்பேன். பதுளையில் இறங்கி ஆஸ்பத்திரி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தலைவலி போன இடம் தெரியாது.

"ஆஸ்பத்திரி காத்துப் பட்டாலே ஒனக்குச் சொகமாயிருது. பேசாம இங்கயே ஒரு கட்டில் வாங்கிப் போட்ருவோமா?" என்று மச்சான் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். திரும்பி வரும்போது மறுபடியும் அதே தலைவலி. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

கடைசித் தரம் போனபோது மழை. பசறைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. மெஷின் வந்து அள்ளிக்கொண்டிருந்தது. முன்னால் லொறி, பின்னால் பஸ், நடுவில் நாங்கள். மச்சான் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி எடுக்காது, பட்டறி அப்படி. அக்கா திரும்பி, "குளுருதாடி?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. "தூக்கம் வருதுக்கா" என்றேன். "தூங்கு, தூங்கு. அங்க போய் எழுப்புறேன்" என்றாள். போர்வையை என் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள்.

கண் விழித்தபோது மூக்கில் ஆக்சிஜன். கையை வயிற்றில் வைத்துப் பார்த்தேன். அசைவில்லை. மறுநாள் வலி வரவைத்து எடுத்தார்கள். பொம்பளைப் பிள்ளை. தலை நிறைய முடி. ஒரே ஒரு தரம் காட்டினார்கள். மச்சான்தான் அதைத் துணியில் சுற்றித் தோட்டத்துக்குப் புதைக்கக் கொண்டுபோனார்.

வார்டில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் இருந்தார். கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இதுக்கு முந்தியும் அந்தக் காரில வரேக்க தலையிடி இருந்ததோ?"

"இருந்துச்சுங்க."

"கண்ணாடி எல்லாம் பூட்டியே வந்தனீங்கள்?"

"ஆமாங்க."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, "நான் உங்கட அக்காவுக்கு எல்லாம் விளங்கப்படுத்திப்போட்டன். நீங்கள் இப்ப ஒண்டையும் யோசிக்காதேங்கோ" என்றார். மருந்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அப்போது எதையும் துருவிக் கேட்கத் தோன்றவில்லை. முலையில் பால் கட்டி நெருப்பாக எரிந்தது.

வீட்டுக்கு வந்தால் மாமியார் தயாராக இருந்தார். உச்சி வெயிலில் ஆற்றில் துணி துவைத்தேனாம். வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் வாயடித்துவிட்டுப் போனேனாம். காற்றுக் கருப்பு அண்டிவிட்டதாம். "வாய்க்காரி வயித்துல புள்ள எப்படித் தங்கும்?" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக் கிழவியிடம் சொல்வது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். பூசாரியிடம் கறுப்புக் கயிறு மந்திரித்து வந்து என் கையில் கட்டினார். கொழும்புக்கும் போனில் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் முதலில் தினமும் பேசிக்கொண்டிருந்தவர், பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் பேசினார். பேசினாலும், "ஆத்துக்குப் போகாம இருந்திருக்கலாமே" என்பார்.

நான் ஆற்றுக்குப் போனது உண்மை. அதுதான் என்னைத் தின்றது. எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவள், அந்தப் பேச்சுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லவில்லை. கொழுந்து எடுக்கிறபோது ஆற்றங்கரை கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாவி, நீதானே கொன்றாய் என்று என்னை நானே கேட்பேன்.

அக்கா வரவில்லை. கடையில் வேலை என்றாள். பழமும் பால்மாப் பெட்டியும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். போன் பண்ணினால், "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்பதோடு வைத்துவிடுவாள். மாமியார் என்னை ஏசுவதை நான் போனில் அழுது சொன்ன நாளிலும், "விடுடி, வயசானவங்க" என்றாள். என் துக்கத்தைப் பார்க்க அவளுக்கு மனசு தாங்கவில்லை போலும் என்று அதற்கும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. பைகளை இறக்க நான் பின்பக்கம் போனேன்.

கரி இல்லை.

அந்தக் கார் பின்னாலும் வெள்ளைதான் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம்பர் பிளேட்டில் எட்டு எட்டாகத் தெரிந்தது. பம்பருக்குக் கீழே புதுப் பைப், நீளமாக, வெளியே நீட்டிக்கொண்டு. அதே கல் ரோட்டில், ஒடிந்தாலும் ஒடியட்டும் என்று மாட்டிய பைப். டிக்கியைத் திறந்தேன். விளிம்பைச் சுற்றிப் புது ரப்பர், கடை வாசனை கூடப் போகவில்லை. அடித் தட்டில் துரு தின்ற ஓட்டைகளுக்குத் தகரம் வைத்து ஒட்டியிருந்தது. உள்ளே எங்கேயும் அந்தச் சாம்பல் இல்லை.

டொக்டரம்மா சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. அக்காவுக்கு எல்லாம் விளங்கப்படுத்திவிட்டேன். எல்லாம்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. கையிலிருந்த முட்டைக்கோவாப் பையைக் கீழே போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அக்கா கார்க் கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் குனிந்து, உருண்ட கோவாக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

உள்ளே மாமியார் தேத்தண்ணி ஊற்றினார். ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒன் தங்கச்சி மட்டும் அன்னைக்கு எம் பேச்சக் கேட்டிருந்தா, இன்னைக்கு இந்த வீட்டுல தொட்டில் ஆடியிருக்கும்."

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அக்கா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள். மச்சான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் பேச்சில் ஆற்றுக்கு வந்துவிட்டார், உச்சி வெயிலுக்கு வந்துவிட்டார். அக்கா இன்னும் குடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மச்சான்," என்றேன், "புதுப் பைப்பு நல்லா இருக்கே. ரோட்டுக் கல்லு இடிக்கலையா?"

அவர் முகம் செத்துப் போனது.

"எந்தப் பைப்பு?" என்று மாமியார் கேட்டார்.

அக்கா கிளாஸைத் தரையில் வைத்தாள்.

"அத்தை, அவ மேல ஒரு தப்பும் இல்ல. காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. எங்க காருப் பொகைதான். பின்னால ஓட்டை வழியா உள்ளுக்கு வந்திருக்கு. கண்ணாடிய மூடினது நான்தான்."

மாமியார் என்னைப் பார்த்தார். என் கையில் அவர் கட்டிய கயிற்றைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

அக்கா தலையைத் தூக்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலயே."

புகைக்காக அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். குளிரக் கூடாது என்றுதானே மூடினாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கழுவி வைத்த அந்தப் பின்பக்கத்துக்காக மட்டும் இன்னும் என்னால் முடியவில்லை.