மாந்தோப்புக்குச் சோறு போன வழி

சித்தூரிலிருந்து திருப்பதிக் கல்லூரிக்கு நான் ரயிலில் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. நடுவில் பாகாலா ஜங்ஷனில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் லோகோ ஷெட் இருந்த நாட்களைப் பற்றி எதிர் இருக்கைக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் வரலாற்று ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைத்தது. எழுபத்து நான்காம் ஆண்டு ரயில்வே வேலைநிறுத்தம். அதில் ஈடுபட்ட ஆண்களைப் பற்றி நூலகத்தில் புத்தகங்கள் இருந்தன. அவர்கள் தலைமறைவாக இருந்தபோது வீட்டில் பெண்கள் என்ன பாடு பட்டார்கள் என்று எதிலும் இல்லை. அதையே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் தெலுங்குக்காரர், கறாரானவர். பேட்டி கொடுத்தவர் சொன்னதைத் தட்டச்சு செய்து, அதை அவருக்கே படித்துக்காட்டி, ஒப்புதல் வாங்காமல் ஒரு வரியைக்கூடச் சேர்க்க விடமாட்டார்.

பாகாலா ஸ்டேஷனுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருந்தவரிடம் விசாரித்தேன். "எங்க நைனா எஞ்சினுக்குக் கரி போட்டவருதான். இப்ப இல்ல. எங்கம்மாவக் கேளு" என்று வீட்டைக் காட்டினார்.

அந்த அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. வீட்டில் மருமகள் மட்டும் கூட இருந்தார். முதலில் அரிசி கிடைக்காதது, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னது என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். மருமகள் பால் வாங்கக் கிளம்பி, வாசல் கதவு சாத்தப்பட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"கடையில பாத்தியே, இவன் அப்போ கைக்கொழந்த. அவரு ஊருக்கு வெளிய மாந்தோப்புல ஒளிஞ்சிக்கினு இருந்தாரு. நான் போனா பின்னாலயே வருவாங்கன்னு பக்கத்து வூட்டுக்காரிதான் சோறு எடுத்துக்கினு போவா. பாய்லர் வேல பாத்தாரே, அவரு பொஞ்சாதி. ஒரு நாளு போலீசு நேரா தோப்புக்கே போயி அவரப் புடிச்சிடுச்சி. அந்த எடம் எனக்கும் அவளுக்குந்தான் தெரியும்."

"அவங்கதான் காட்டிக் கொடுத்தாங்களா, ஆயா?"

"வேற யாரு?"

"நீங்க கேக்கலியா?"

"கேக்கல. இன்னி வரைக்கும் கேக்கல."

திரும்பும் ரயிலில் அந்த ஒலிப்பதிவை மறுபடி மறுபடி கேட்டேன். என் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அதன்மேல்தான் நின்றது. எழுதி முடித்தபோது, எனக்கு இப்படி எழுத வருமா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது, தட்டச்சு செய்த தாள்களோடு மறுபடி பாகாலாவில் இறங்கினேன். நானே படித்துக்காட்டுவதாகச் சொன்னேன். அந்த அம்மா கையை அசைத்தார்.

"ஒனக்கு எதுக்கும்மா சிரமம்? எம் மருமவ நல்லா படிப்பா. அவ படிக்கட்டும்."

மருமகள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாரப் பத்திரிகை விடாமல் படிப்பவராம். தடங்கல் இல்லாமல் படித்தார். அரிசி கிடைக்காதது வந்தது. குவார்ட்டர்ஸ் வந்தது. மாந்தோப்பு வந்தது. 'பாய்லர் வேலை பார்த்தவரின் மனைவி' என்ற இடத்தில் குரல் நின்றது.

"இது எங்கம்மா" என்றார், தாளைப் பார்த்தபடியே.

"எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தார். மாமியார் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி" என்றார் மாமியார்.

"அத்தே..."

"மிச்சத்தயும் படி."

படித்தார். குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. 'கேக்கல, இன்னி வரைக்கும் கேக்கல' என்ற வரியையும் அதே குரலில் படித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கித் தரையில் வைத்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"கண்ணாலம் பண்ணிக்கினு வந்ததுலேர்ந்து இந்த வூட்ல நான் சோறு ஆக்கறேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அத்தே?"

"ஒன்ன கேக்கறதுக்கு என்ன இருக்குது? நீ அப்போ பொறக்கவே இல்ல. அவன் ஒன்னதான் கட்டுவேன்னு நின்னான். சரின்னேன். ஒம்மேல எனக்கு ஒரு கொறயும் இல்ல."

மருமகள் என் பக்கம் திரும்பினார். "எங்கம்மா உயிரோடதான இருக்கறாங்க? அவங்களக் கேட்டியா நீ?"

மேடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கும் முன்னால் நானே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி.

"வா" என்றார்.

ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தோம். ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டேனோ என்று பயந்துகொண்டே பின்னால் போனேன். நடுவே, மூன்றாம் அத்தியாயம் போய்விட்டால் ஒரு வாரத்தில் என்ன செய்வது என்ற நினைப்பும் வந்தது. அந்த நேரத்தில் அது வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய அம்மா முற்றத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மகள் உட்காரக்கூட இல்லை.

"யம்மா, மாமாவ போலீசுல காட்டிக் குடுத்தது நீயா?"

கை நின்றது. "அவ சொன்னாளா?"

"எங்கிட்ட சொல்லல. இந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்காங்க. எழுதிக்கினு வந்திருக்குது."

அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "அத மொதல்ல ஆப் பண்ணு." அது ஓடவே இல்லை. இருந்தாலும் பைக்குள் வைத்தேன். அவர் நாலைந்து கொட்டைகளை எடுத்துப் போட்டார். பிறகு அவரே, "இல்ல, போடு. அவ பேசினது இருக்கறாப்ல நான் பேசறதும் இருக்கட்டும்" என்றார்.

"நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. தூக்குச்சட்டிய முந்தானையில மூடிக்கினு, விறகு பொறுக்கப் போறாப்ல போனேன். அன்னிக்குப் பின்னால சைக்கிள் சத்தம் கேட்டுச்சி. திரும்பிப் பாத்தா சந்தேகப்படுவாங்கன்னு திரும்பாமலே போனேன். திரும்பியிருந்தா யாருன்னு தெரிஞ்சிருக்கும். நாந்தான் தோப்பு வரைக்கும் கூட்டிக்கினு போயி வுட்டிருக்கேன்."

"இத ஏன் அத்தகிட்ட சொல்லல?"

"அவ என்னிய ஒரு வார்த்த கேக்கலியே. கேக்காததுனால என்மேல சந்தேகம் இல்லன்னு நெனச்சிக்கினேன். அப்புறம் சம்பந்தியும் ஆயிட்டோம். எந்த வாயால சொல்றது?"

மகள் அப்போதுதான் உட்கார்ந்தார். அம்மாவின் முன்னால் இருந்த புளியை இழுத்து அவரும் கொட்டை எடுக்க ஆரம்பித்தார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பியதை இருவரும் கவனித்தார்களா என்று தெரியவில்லை.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "மூன்றாவது ஆள் யாராவது பார்த்தார்களா?" என்று மட்டும் தெலுங்கில் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் ஒருவர் சொன்னதை மட்டும் எழுத முடியாது. எழுதினால் இரண்டையும் எழுது. ஒப்புதல் வராவிட்டால் இரண்டையும் எடுத்துவிடு."

ஒப்புதல் வரவில்லை. படித்த தாள்கள் அந்த வீட்டுத் தரையிலேயே கிடந்தன. போன் செய்யத் துணிவில்லை. மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு இன்னொரு பிரதி தயாரித்தேன். படித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. வீட்டில் அம்மா ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன்.

ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய பிற்பகல், கடைக்காரரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து எடுத்தேன். பேசியது அவருடைய அம்மா.

"பாப்பா, மருமவ வந்து எல்லாம் சொன்னா. நானும் போன் போட்டு அவ அம்மாவக் கேட்டேன். அதேதான் சொல்றா."

"நீங்க நம்பறீங்களா, ஆயா?"

"தெரியல. ஒரு நேரம் நம்பறேன், ஒரு நேரம் நம்ப முடியல. நீ ரெண்டையும் எழுது. ஆனா அவ சொன்னத மொதல்ல போடு."

"ஏன் ஆயா?"

"என்னுத மொதல்ல படிச்சிட்டா, அப்புறம் அவள யாரும் நம்ப மாட்டாங்க."

தன் அம்மாவும் சம்மதித்துவிட்டதாக மருமகள் போனை வாங்கிச் சொன்னார். அன்று மாலைக்குள் அத்தியாயத்தைத் திருப்பிப்போட்டு எழுதினேன். எழுதும்போது பெருமை எதுவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த இரண்டு பேரும் கேட்பதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். இரவே இருவருக்கும் போனில் படித்துக்காட்டினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நேராக அந்தப் பக்கத்தைத் திறந்தார். "இதில் நீ யாரை நம்புகிறாய்?"

"தெரியல சார்."

"வரலாறு எழுதுகிறவள் தெரியாது என்று சொல்லலாமா?"

மேடம் உதவிக்கு வரவில்லை. "மூணாவது சாட்சி கிடைக்கல சார். கிடைக்கிற வரைக்கும் தெரியலன்னுதான் எழுத முடியும்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு பக்கத்தைப் புரட்டி, அடிக்குறிப்பில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைக் காட்டினார்.

மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. மருமகளுக்குப் போன் செய்து, தேர்ச்சி பெற்றுவிட்டதைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். தயங்கித் தயங்கி மற்றதையும் கேட்டேன்.

"அத்த அங்க போவல. எங்கம்மாவும் இங்க வர்ல" என்றார். "ஆனா ரெண்டு பேரும் போன்ல பேசிக்கினே இருக்காங்க. என்ன பேசறாங்கன்னு நான் கேக்கறதில்ல."