'ரூம் வேண்டும்' என்பது சர்ச்சையா?

டெல்லித் தமிழர்களுக்கென்று ஒரு வெப்சைட் இருக்கிறது. வாடகை வீடு, வரன், காபிப்பொடி... எல்லாம் கிடைக்கும். சண்டை மட்டும் கிடையாது. போன மாதம் அதுவும் வந்தது.

ஜங்புராவில் வீட்டு வேலை செய்யும் செல்வி அதில் ஒரு பதிவு போட்டார். 'எங்க குடிசையை இடிச்சிட்டாங்க. இப்ப இருக்கிற இடம் ரொம்ப தூரம். பொண்ணு பத்தாவது. பரீட்சை முடியறவரைக்கும் லோதி ரோடு ஸ்கூல் பக்கம் ஒரு ரூம் வேணும்.'

மறுநாள் பதிவைக் காணோம். 'சர்ச்சைக்குரியது. நீக்கப்பட்டது.'

ரூம் கேட்பதில் என்ன சர்ச்சை?

மெம்பர்கள் கொதித்துவிட்டார்கள். கண்டனம் எழுதினார்கள், நானும்தான் — அதுவும் போயிற்று. அப்புறம்தான் வேடிக்கை. ஒருவர் 'சைக்கிள் விற்பனைக்கு' என்று விளம்பரம் போட்டு, கீழே 'செல்விக்கு ரூம் வேண்டும்' என்று சேர்த்தார். அவ்வளவுதான்! வரன் தேடுபவர், வத்தக்குழம்புக்குச் செய்முறை கேட்டவர், எல்லோர் பதிவிலும் அதே வரி. எதை நீக்குவது, எதை விடுவது?

எனக்கோ வேறு குடைச்சல். நீக்குகிற அந்தக் கை யாருடையது? விசாரித்துக்கொண்டு மோதி பாக் ஏரியாவுக்கே போய்விட்டேன். அரசாங்கக் குவார்ட்டர்ஸ். வெப்சைட்டை நடத்துபவர் ஒரு ஆபீஸ் கிளார்க்.

"'இடிச்சிட்டாங்க'ன்னு இருந்துச்சு ஸார். நான் கவர்மென்ட் சர்வென்ட். மேலே யாராவது பார்த்து கேட்டா?"

"யாராவது கேட்டாங்களா?"

"அது... இதுவரைக்கும் இல்லை."

வராத கேள்விக்குப் பயந்து அழித்திருக்கிறார்! சென்ஸார் என்றால் பெரிய அறை, பெரிய கத்தரிக்கோல் என்று நினைத்திருந்தேன். இவரோ பனியனோடு எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பதிவு திரும்ப வந்தது. ஒரே கொண்டாட்டம். 'வெற்றி!' 'கருத்துச் சுதந்திரம்!' கமென்ட்கள் குவிந்தன. நடுவில் செல்வி எழுதினார்: 'எல்லாருக்கும் நன்றிங்க. ரூம் யார்கிட்டயாவது இருக்குங்களா?'

சட்டென்று அமைதி.

கடைசியில் ரூம் கொடுத்தவர், தனியாக வசிக்கும் ஒரு நர்ஸ். இந்தச் சண்டையே அவருக்குத் தெரியாது. சைக்கிள் வாங்கலாமென்று வெப்சைட்டைப் பார்த்தபோது அவர் கண்ணில் அந்த வரி பட்டிருக்கிறது. ஆக, கொதித்தது வீணா? இல்லவே இல்லை. அத்தனை பேர் எழுதியிராவிட்டால் அவர் எங்கே பார்த்திருப்பார்?

எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க, நேற்று செல்விக்குப் போன் செய்தேன்.

"பாப்பா கணக்கு போட்டுட்டிருக்கு ஸார். அப்புறம் பேசலாமா?" கிசுகிசுப்பாகச் சொல்லிவிட்டுக் கட் செய்துவிட்டார்.

இந்த ஒரு தடைக்கு மட்டும் நான் கண்டனம் எழுதவில்லை.